கான் வெட்டத் தெரிந்தவர்கள்

கண்டி நகருக்கு மேலே ஹந்தானையில், தேயிலை அருங்காட்சியகத்துக்கு அருகே ஒரு நீண்ட நடைபாதை தொடங்குகிறது. அது கலஹா, லூல்கந்துர என்று ஏறி, பூண்டுலோயா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கமாக மேற்கு மலைகளைச் சுற்றி, அப்புத்தளை மேட்டைத் தொட்டு, எல்ல, தெமோதரை வழியாக ஊவாவில் வளைந்து, நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பெட்ரோ தோட்டத்தில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். பெரும்பாலும் ஒரு கட்டம் ஒரு நாள் நடை. ‘பெக்கோ ட்ரெய்ல்’ என்று பெயர். இலங்கையில் பல வருடம் வாழ்ந்து சுற்றுலாத் துறையில் வேலை செய்த மிகேல் குனாட் என்ற ஸ்பானியர் இதை மனதில் கண்டு, நடந்து பார்த்து, கட்டம் கட்டமாக இணைத்தார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி நிறுவனமும் ஆரம்பச் செலவுக்கு உதவின.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாதையென்று பெரிதாகப் புதிதாய் எதையும் வெட்டவில்லை என்பதுதான். பெரும்பகுதி துரைமார் காலத்து வண்டிப்பாதை, கொழுந்து லொறி போகும் தோட்ட ரோட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து மலைக்கு ஏறும் குறுக்கு. எங்கள் தாய்மார் கூடையோடு ஏறி இறங்கிய தடங்கள். அவர்கள் நடந்தபோது அதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை, வரைபடமும் இருக்கவில்லை. இப்போது இரண்டும் வந்திருக்கின்றன. வரட்டும், நல்லதுதான்.

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் சிலர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொழும்பில் கடையில் நின்று திரும்பிய பையன் ஒருவன், ஹட்டனில் கணினி படித்த பெண்பிள்ளை ஒருத்தி, ஓட்டோ ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். “சேர், இந்தப் பாதையால வெளிநாட்டுக்காரங்க நடந்து போறாங்க. நாங்க ஏதாவது செய்யணும். எதிலருந்து தொடங்குறது?” என்று கேட்டார்கள். தங்கும் அறை, தேத்தண்ணிக் கடை, வழிகாட்டிச் சங்கம், பெயர்ப்பலகை, தொலைபேசியில் இயங்கும் செயலி என்று அவர்கள் கையில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. அன்று கொஞ்சம்தான் பேசினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நெடுந்தூரம் நடக்கிறவனுக்கு வழியில் என்ன வேண்டும் என்ற கேள்வியை எங்கள் சனத்தைப் போல நெருக்கமாக அறிந்தவர்கள் குறைவு. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோர், படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். மலேரியாவும் வாந்திபேதியும் பசியும் வழியெல்லாம் ஆட்களைத் தின்றன. நடக்க முடியாதவர்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்கள் போனார்கள். பிற்காலத்தில் அந்த வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் வந்தன. அதற்குள் எத்தனையோ பேர் பெயரில்லாமல் போய்விட்டார்கள். என் பாட்டி, தன் பாட்டி சொன்னதாக ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள்: வழியில் ஒரு சிங்களக் கிராமத்துப் பெண் மண்சட்டியில் கஞ்சி கொடுத்தாளாம். ஊர்ப் பெயர் தெரியாது, அவள் பெயர் தெரியாது. கஞ்சி மட்டும் நான்கு தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

2023இல், அந்த வருகைக்கு 200 ஆண்டுகள் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் ஒரு நடைபயணம் போனார்கள். ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி வரை, 250 கிலோமீட்டருக்கு மேல். வழியில் கோயில்களும் தேவாலயங்களும் ஊர் மக்களும் சோறும் தண்ணீரும் இடமும் கொடுத்தார்கள். முன்னோர் போன அதே திசையில்தான் இவர்களும் போனார்கள். அன்றைக்கு வழியில் யாரும் காத்திருக்கவில்லை. இன்றைக்குக் காத்திருந்தார்கள். நடைபாதைக்கு வசதி செய்வதென்று பெரிய வார்த்தைகளில் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த வேறுபாட்டைத்தான் குறிக்கிறது.

இது எங்களுக்கு வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய வித்தையும் இல்லை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வரை சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்களுக்கு வழிநெடுக வெளிச்சம், தேத்தண்ணி, படுக்க ஒரு திண்ணை, இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் எல்லாம் உண்டு. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்களுக்கு ஊருக்கு ஊர் அன்னதானம் நடக்கிறது. உகந்தைக்கு அப்பால், கும்புக்கன் ஓயாவைக் கடந்து காட்டுக்குள் போகும் நாட்களில் தண்ணீர்த் தாங்கிகள் வைக்கிறார்கள். காட்டு வழியை இத்தனை நாள்தான் திறந்துவைப்பது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் வடக்கிலும் பழைய சாலையோரங்களில் இன்றும் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் நிறுத்தியவை அவற்றில் பல. ஒரு வீட்டின் துக்கத்தை ஊரார் பாரம் இறக்கிவைக்கும் இடமாக மாற்றிய அந்த மனதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, பாதைக்கு வருவோம். பிள்ளைகள் கேட்ட ‘எதிலிருந்து’ என்பதற்கு என் பதில்: கானிலிருந்து.

தேயிலை மலையில் மழைநீரை வாங்கி ஓரமாக இறக்கிவிடும் வடிகாலைத் தோட்டத்தில் கான் என்போம். என் தகப்பனார் கான் வெட்டுவதில் பேர் எடுத்தவர். புதிய ரோட்டுக்கோ சரிந்த குறுக்குக்கோ கான் போட வேண்டுமென்றால், வெயில் நாளில் போய் அளக்க மாட்டார். மழை கொட்டும்போது படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், தண்ணீர் எந்த இடத்தில் பாதைக்குள் இறங்குகிறது, எந்த இடத்தில் வேகம் பிடிக்கிறது என்று நின்று பார்ப்பார். அந்தந்த இடத்தில் குச்சி நட்டுவிட்டு வருவார். அடுத்த நாள் கீழ் முனையிலிருந்து வெட்டத் தொடங்குவார். மேலிருந்து வெட்டினால், வெட்டி முடிவதற்குள் வரும் மழைக்குப் போக வழி இருக்காது, வெட்டிய மண்ணே கானை அடைத்துவிடும். தண்ணீர் வெளியேறும் வாயில் கல் அடுக்குவார். இடையிடையே வண்டல் தங்கக் குழி விடுவார். பாதையின் மேற்பரப்பைப் பள்ளத்துப் பக்கம் சற்றே சாய்த்து விடுவார், தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து போகும்படி. இதையெல்லாம் அவர் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் படிக்கவில்லை.

மலைப் பாதையை அழிப்பது நடக்கிறவர்களின் கால்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கால்கள் மண்ணை இறுக்குகின்றன, புல்லைத் தேய்க்கின்றன, அவ்வளவுதான். மீதியைத் தண்ணீர் செய்கிறது. தேய்ந்த தடம் தண்ணீருக்கு வாய்க்காலாகிறது. வாய்க்கால் ஆழமானதும், நடக்கிறவன் சேற்றுக்குப் பயந்து ஓரத்தில் ஏறி நடக்கிறான். அங்கேயும் ஒரு தடம் விழுகிறது. இரண்டு மழைக்காலத்தில் ஒற்றையடிப் பாதை இருபதடிப் புண்ணாகிவிடும். இதைத் தடுக்க வேண்டிய அறிவும் மண்வெட்டியும் மலையகத்தில் லயத்துக்கு லயம் இருக்கின்றன. பாதைக்கு உதவி என்று யாராவது வந்தால், பெயர்ப்பலகைக்கு முன்னால் கான் வெட்டும் ஆட்களுக்குச் சம்பளம் கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று உண்டு. 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். பென்டன் மெக்காய் என்பவர் 1921இல் அதை முன்மொழிந்தார். 1937இல் முழு நீளமும் இணைந்தது. நூறு வருடமாக அந்தப் பாதையைத் தாங்கி நிற்பவை சுமார் முப்பது உள்ளூர்ச் சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு துண்டுப் பாதை பொறுப்பு. விழுந்த மரத்தை அறுப்பது, கான் தோண்டுவது, மரத்தில் வெள்ளை அடையாளம் பூசுவது, குடிலைப் பழுது பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் தொண்டர்கள் கையில். முழுப் பாதைக்கும் ஒரு பெரிய அதிகாரி இருப்பதைவிட, ஒரு துண்டுக்கு ‘இது எங்களுடையது’ என்று சொல்ல அந்த ஊரில் நாலு பேர் இருப்பது பெரிது. இந்த ஏற்பாட்டை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் அதன் பாதை.

ஆனால் தொண்டு என்ற பகுதியை அப்படியே எடுக்க முடியாது. அங்கே வார இறுதியில் மண்வெட்டியோடு வருகிறவருக்கு மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ வீட்டில் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே 2021 வரை பல வருடம் போராட வேண்டியிருந்தது. ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அந்த நாளுக்குப் பேர் விழாது, காசும் இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் போய், ‘ஊர்ப் பெருமைக்காகச் சிரமதானம் செய்யுங்கள்’ என்று கேட்பது நியாயமில்லை. சிரமதானத்தை வெறுத்துச் சொல்லவில்லை, கோயில் திருவிழாவுக்குப் பாதை துப்புரவாக்க நானே பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். ஆனால் பாதையால் வேறொருவருக்கு வருமானம் வரும்போது, அதைக் காப்பாற்றுகிறவனின் உழைப்பு மட்டும் தானமாக இருக்கக்கூடாது.

அடுத்தது காலம். மேற்கு மலைகளுக்கு வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் நோர்வூட், பொகவந்தலாவை பக்கம் சூரியனைப் பார்ப்பதே அரிது. அதே காலத்தில் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசும். வடகீழ்ப் பருவத்தில் இது தலைகீழாகும். இந்தக் கணக்கு தேயிலைக்காரர்களுக்கு மனப்பாடம்: டிம்புளைத் தேயிலையின் சிறந்த காலம் ஜனவரியிலிருந்து மார்ச், ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர். கொழுந்து மணக்கிற அந்த வறண்ட மாதங்கள்தான் அந்தந்தப் பக்கம் நடப்பதற்கும் தோதான மாதங்கள். 22 கட்டங்களையும் ஒரே மூச்சில் நடக்க வருகிறவர்களுக்கு, இந்த மாதத்தில் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அதுவே பெரிய உதவி. தேயிலை ஸ்டோரில் வேலை செய்த எவரும் இதைச் சொல்வார்.

மழையைப் பற்றிப் பேசும்போது மண்சரிவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகத்தையே புரட்டிப் போட்டது. வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன, வீடு இழந்தவர்கள் பாடசாலைகளில் படுத்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 150 தாண்டினால் ஆபத்தான இடங்களிலிருந்து வெளியேற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் செய்தி கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ புறப்பட்டு, கடைசி லயத்தில் இருக்கும் கிழவிக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

நடைபயணிகளின் பாதுகாப்புக்கு எச்சரிக்கைக் குழு வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வேண்டும்தான். ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மழைமானி, அதைக் காலையும் மாலையும் பார்த்து எழுத ஒரு பிள்ளை, அளவு ஏறினால் மணி அடிக்க ஒரு கோயில். தோட்டத்தில் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. பல தோட்டக் காரியாலயங்களில் மழைக் கணக்குப் புத்தகம் உண்டு, ஏறத்தாழ எல்லாத் தோட்டத்திலும் கோயில் மணி உண்டு. ஆனால் அந்த மணி முதலில் லயத்துக்கு அடிக்க வேண்டும். லயத்துச் சனம் வெளியேறத் தெரிந்த இடத்தில் நடைபயணியும் தப்பித்துக்கொள்வான். நடைபயணிக்கு மட்டும் குறுஞ்செய்தி போய், மலைச்சரிவில் குடியிருக்கிறவர்களுக்குப் போகாத ஏற்பாடு ஒன்றை யாராவது கொண்டுவந்தால், அதை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான். பாதையில் ஒரு வாரம் நடந்து போகிறவருக்கு என்னென்ன வேண்டுமோ, அவை எல்லாம் அந்தப் பாதையோரம் பிறந்து வளர்ந்து உழைக்கிறவர்களுக்கு இத்தனை காலமாக வேண்டியிருந்தவை. மலசலகூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடைபயணிகளுக்காக எட்டுக் கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும் என்று திட்டம் போடலாம். அதே மலையில் காலை ஏழரையிலிருந்து மாலை வரை கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பெரும்பாலான இடங்களில் ஒதுங்குவதற்குத் தேயிலைச் செடியைத் தவிர மறைவு இல்லை. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து, சிறுநீர்க் கோளாறோடு வைத்தியசாலைக்கு வரும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் என் மாணவிகளும் உண்டு. நடைபயணிக்கென்று கட்டும் மலசலகூடம், கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அமையட்டும். இரு தரப்புக்கும் பயன்படும், தண்ணீர்க் குழாய் ஒன்றே போதும், பாவிக்கிற ஆட்கள் தினமும் இருப்பதால் துப்புரவும் நிற்காது. வெளிநாட்டவர் வரும் பருவத்துக்கு மட்டும் திறந்து மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒரு வருடத்தில் பாழாகிவிடும்.

குடிநீரும் அப்படியே. மலையகத்தில் ஊற்றுத் தண்ணீரைக் குழாயால் இறக்கிப் பீலியில் விடுவது பழைய வழக்கம். எங்கள் வாழ்க்கையின் பாதி பீலியடியில்தான் நடந்தது. குளிப்பு, துணி, கதை, சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கே. ஆனால் ஊற்றுக்கு மேலே தேயிலை இருந்தால், களைக்கொல்லி அடிக்கிற நாட்களில் அந்தத் தண்ணீரில் என்ன இறங்குகிறது என்று யாரும் சோதித்துச் சொல்வதில்லை. நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பாதையில், பிளாஸ்டிக் போத்தல் குவியாமல் இருக்க, சுத்திகரித்த தண்ணீரை அளந்து விற்கும் நிலையங்களை ஊர் மக்கள் நடத்தினார்கள். நல்ல யோசனை. எங்கள் பீலிகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டைத் தெரிந்தெடுத்து, ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, மருந்து அடிக்காத எல்லை ஒன்று குறித்து, தண்ணீரைப் பரிசோதித்து, முடிவைப் பீலியடியிலேயே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கலாம். நடைபயணியின் போத்தலை நிரப்பும் தண்ணீர், லயத்துப் பிள்ளையின் வயிற்றையும் காப்பாற்றும்.

தங்குமிட விஷயம் இவ்வளவு எளிதில்லை. வீட்டில் ஓர் அறையைத் துப்புரவாக்கி, வருகிறவருக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்துத் தங்கவைத்து நாலு காசு பார்க்கலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் லயக் காம்பரா அவர்களுடைய சொத்தில்லை. தோட்டக் காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. இரு நூற்றாண்டு உழைத்த சனத்துக்கு ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும் என்பதே பல குடும்பங்களுக்கு இன்னும் காத்திருக்கிற விஷயம். உறுதி இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்காது, சுற்றுலாச் சபையில் பதியவும் சிரமம். இதனால் நடப்பது என்ன? பழைய துரை பங்களாக்கள் விலையுயர்ந்த விடுதிகள் ஆகின்றன. அங்கே வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகள் தட்டு கழுவுகிறார்கள். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. பாதை கடந்து போவது அவர்கள் வாசலால், காசு இறங்குவது வேறு இடத்தில் என்பதைத்தான் சொல்கிறேன். நடைபாதையை வளர்க்க நினைக்கிறவர்கள் காணி உறுதியைப் பற்றிப் பேசாமல் விருந்தோம்பலைப் பற்றி மட்டும் பேசினால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அதுவரைக்கும் ஓர் இடைவழி உண்டு: கோயில் மண்டபம், வாசிகசாலை, மூடிக் கிடக்கும் பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) போன்ற பொது இடங்களைச் சங்கமாகச் சேர்ந்து தங்குமிடமாக நடத்துவது. வருமானம் சங்கக் கணக்குக்குப் போகட்டும். சமையலைப் பெண்கள் முறை வைத்துப் பார்க்கட்டும், அன்றன்றே காசு வாங்கட்டும்.

வழிகாட்டிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் வழிகாட்டியாகிவிடலாம் என்று எங்கள் பையன்கள் நினைக்கிறார்கள். இந்த மலையில் வழிகாட்ட முதலில் குளவியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். கொழுந்து மலையில் குளவி கலைந்து ஆட்களைக் கொட்டியதில் உயிர்கள் போயிருக்கின்றன. எந்த மரத்தில் கூடு, எந்தப் பாறையில் கூடு, எந்த நேரத்தில் அந்த வழி வேண்டாம், கலைந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைக் கொழுந்து எடுக்கும் பெண்கள்தான் சரியாகச் சொல்வார்கள். அட்டைக்குச் சவர்க்காரம் பூசுவதும், சிறுத்தை நடமாடும் ஓடைக்கரையில் அந்திக்கு மேல் நிற்காமல் வருவதும் அவர்கள் சொல்லித் தரக் கூடியவை. ஆகவே வழிகாட்டிப் பயிற்சிக்கு ஆசிரியர்களாக அந்தப் பெண்களை அழையுங்கள், அந்த நாளுக்குரிய சம்பளத்தைக் கொடுத்து அழையுங்கள். இளம் பெண்களும் வழிகாட்ட வரட்டும். அம்மாவுக்குத் தெரிந்த மலையை மகள் காட்டுவதில் யாருக்கு என்ன தடை?

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணைப் படம் எடுத்துவிட்டு, கையில் நூறு ரூபாயைத் திணித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சில இடங்களில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் பாதையோரத்தில் நின்று மிட்டாயும் பேனாவும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஓர் ஆசிரியனாக என்னால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. வழிகாட்டுகிறவர் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்: பெயர் கேட்டு, அனுமதி கேட்டு, பிறகு படம் எடுங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் பாடசாலை அதிபரிடம் கொடுங்கள். யாரிடமும் இப்படிக் கேட்டுப் பழகினால் அவர்களும் பேசுவார்கள், நல்ல கதைகள் கிடைக்கும். லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். அந்த 19 ஏக்கருக்குக் குழி வெட்டியவர்கள் எங்கிருந்து எப்படி நடந்து வந்தார்கள் என்பதையும் அதே இடத்தில், அதே குரலில் சொல்ல வேண்டும். அது இல்லாமல் அந்தத் தோட்டத்தின் வரலாறு பாதிதான்.

செயலியும் வரைபடமும் அந்தக் கணினிப் பெண்பிள்ளையின் பொறுப்பு. அவள் நன்றாகச் செய்வாள். தொலைபேசி எடுபடாத இடங்களைக் குறித்து, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் எந்த வளைவு வரைக்கும் ஏற முடியும் என்பதையும் அதில் போடச் சொன்னேன். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை எந்த இடம் வரை தூக்கிக் கொண்டுபோக வேண்டும் என்பதும் அதே கணக்குத்தான்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். வெளியிலிருந்து வரும் உதவி நல்லது, ஆனால் அது நிற்கும் நாள் எங்கள் கையில் இல்லை. அமெரிக்கா தன் சர்வதேச அபிவிருத்தி நிறுவனத்தையே 2025இல் மூடிவிட்டது. தொடங்குவதற்கு வெளியார் கொடுக்கலாம், காப்பாற்றுவதற்கு உள்ளுக்குள் ஒரு வழி வேண்டும். நடக்க வருகிறவரிடம் கட்டணம் வாங்குவதானால் அதில் ஒரு பங்கு அந்தந்த டிவிஷனின் பாதைச் சங்கத்துக்கு நேராகப் போக வேண்டும், வரவு செலவு கோயில் சுவரில் மாதாமாதம் ஒட்டப்பட வேண்டும். தோட்ட நிர்வாகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். துரை மாறினால் கேட் பூட்டப்படும் நிலை இருக்கக்கூடாது. இரு இனத்தாரும் சங்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் தோட்ட எல்லை தாண்டினால் சிங்களக் கிராமம், அவர்களுடைய வயல் வரப்பாலும் இந்தப் பாதை போகிறது.

வருகிற சித்திரைக்குப் பிறகு, தென்மேற்கு மழைக்கு முன்னால் கான் வெட்டி முடித்தாக வேண்டும். அதற்கு எங்கள் டிவிஷனில் இன்னும் கை நடுங்காத மூன்று கிழவர்கள் இருக்கிறார்கள். இளையவர்கள் அவர்களோடு மழையில் நின்று பழக வேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மலசலகூடத்துக்கு இடம் பார்த்திருக்கிறோம். திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்டபோது, வேலையிலிருந்து நின்றுவிட்ட ஓர் அம்மாவின் பெயரை எல்லோரும் சொன்னார்கள், அவரும் சரி என்றார். அவருக்கு மாதம் எவ்வளவு என்பதில்தான் பேச்சு நிற்கிறது. அந்தத் தொகையை முதலில் சங்கப் புத்தகத்தில் எழுதிவிட்டு, பிறகு கட்டடத்துக்கு அளவு எடுக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.